எழுத்துக்கு ஒரு வரி

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவிதை எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. ஒரு சொல்லைக் கரும்பலகையில் மேலிருந்து கீழாக, எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதுவார்கள். ஒவ்வோர் எழுத்தையும் முதலாகக் கொண்டு ஓர் அடி அமைக்க வேண்டும். எழுத்துகள் முடியும்போது கவிதையும் முடிந்துவிடும். முதலெழுத்துக் கவிதை என்று இதனைச் சொல்லலாம். ஆங்கிலப் பாடநூல்களின் வழியே வகுப்பறைக்குள் வந்த பயிற்சி என்பதால், இது அயலவர் விளையாட்டு, தமிழுக்கு ஒவ்வாதது என்று கருதுவோர் நம்மிடையே உளர். விளையாட்டுத்தானே என்று அரை மணி நேரம் நடத்திவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவோரும் உளர்.

இவ்விரு சாராரும் அறியாத செய்தி, இந்த முறை நம் வழிபாட்டிலேயே மிகப் பழங்காலந்தொட்டு வாழ்ந்து வருகிறது என்பதாகும். நாம் செபிக்கும் திருப்பாடல்களுள் சில இத்தகைய எழுத்து வரிசையில் கட்டப்பட்டவை. தமிழில் படிக்கும்போது அது நம் கண்ணுக்குப் படுவதில்லை. மொழிபெயர்ப்பில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. எபிரேய மொழிக்கு எழுத்துகள் 22. முதல் எழுத்து ஆலெப், இறுதி எழுத்து தௌ. திருப்பாடல்களுள் மிக நீண்டதாகிய 119ஆம் பாடலில் 176 வசனங்கள் இருப்பதற்குக் காரணம், எழுத்துக்கு எட்டு வசனம் வீதம் 22 எழுத்துகளுக்கும் பாடியிருப்பதே. 25, 34, 37, 111, 112, 145 ஆகிய பாடல்களும் இவ்வகையின. நீதிமொழிகள் நூலின் இறுதியில் நல்ல மனையாளைப் போற்றும் 22 வசனங்களும் ஆலெப் தொடங்கித் தௌ வரை முறையாகச் செல்கின்றன. புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் அப்படியே.

இங்கே ஒரு சிறு செய்தி. நம் வீடுகளில் உள்ள பழைய விவிலியங்களில் பெரும்பாலான திருப்பாடல்களின் எண் இன்றைய எண்ணைவிட ஒன்று குறைந்திருப்பதைப் பலர் கவனித்திருக்கலாம். ஆண்டவரை ஆயராகப் பாடும் பாடல் இன்று 23, அன்று 22. எபிரேயப் பிரதிகள் 9, 10 என்று இரண்டாகப் பிரித்த பாடலைக் கிரேக்க, இலத்தீன் பிரதிகள் ஒன்றாகவே வைத்திருந்ததே இதற்கு முதற்காரணம். யார் செய்தது சரி? இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், இடையிடையே சிதைந்திருந்தாலும் ஒரே எழுத்து வரிசை முன்னதில் தொடங்கிப் பின்னதில் நிறைவடைவது தெரிகிறது. ஆகவே நம் முன்னோர் வைத்திருந்த எண்ணுக்கு எழுத்துகளே சான்று பகர்கின்றன.

ஏன் இப்படிப் பாடினார்கள்? நினைவில் நிறுத்துவதற்கு என்பது எளிய விடை, அது பொய்யன்று. சுவடி அரிதாக இருந்த காலத்தில், அடுத்த வசனம் எந்த எழுத்தில் தொடங்கும் என்பது தெரிந்தாலே பாதி வசனம் நாவுக்கு வந்துவிடும். ஆனால் அதோடு நின்றுவிட நமக்கு மனம் வரவில்லை. 34ஆம் திருப்பாடலை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளை அருகே அழைத்து, இறையச்சத்தைக் கற்றுத் தருவதாகப் பாடுபவர் கூறும் 11ஆம் வசனம் அதில் உண்டு. அந்த வசனம் லாமேத் என்ற எழுத்துக்கு உரியது. கற்றலைக் குறிக்கும் எபிரேய வினைச்சொல்லும் அதே வேரிலிருந்து பிறப்பதுதான். மேலும், இப்பாடலில் வரிசையின் ஆறாம் எழுத்துக்கு வசனம் இல்லை. ஆனால் வரிசை முடிந்தபின் பே என்ற எழுத்தில் ஒரு வசனம் கூடுதலாக நிற்கிறது. ஆலெப் முதலிலும், லாமேத் நடுவிலும், பே இறுதியிலும் நிற்க, மூன்றும் சேர்ந்து ஆலெப் என்ற பெயரையே எழுத்துக் கூட்டுகின்றன என்று விவிலிய அறிஞர் சிலர் எடுத்துக்காட்டியுள்ளனர். இது அறிஞரின் ஊகமே என்றாலும், பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் குரல் அந்தப் பாடலில் கேட்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

சீராக்கின் ஞானநூலின் 51ஆம் அதிகாரம் இதனை இன்னும் தெளிவாக்கும். இளமை முதலே ஞானத்தைத் தேடிய ஒருவர் தம் தேட்டத்தைப் பாடி, கல்லாதவர்களைத் தம் கல்விக்கூடத்திற்கு வந்து தங்குமாறு அழைத்து முடிக்கிறார். கிரேக்கத்தின் வழி நமக்கு வந்த அப்பகுதியின் எபிரேய மூலம் கும்ரான் குகையில் கிடைத்த திருப்பாடல் சுருள் ஒன்றில் காணப்பட்டபோது, அதுவும் எழுத்து வரிசையில் அமைந்த பா என்பது ஐயமற விளங்கியது. பள்ளிக்கு வாருங்கள் என்று அழைக்கும் பாட்டு, பள்ளியில் முதலில் கற்கும் பாடத்தின் வடிவத்திலேயே இருக்கிறது.

அந்த முதற்பாடத்தின் சுவடு ஒன்று மண்ணுக்கடியிலிருந்தும் கிடைத்துள்ளது. இஸ்ரயேல் நாட்டில் இஸ்பெத் சார்த்தா என்னுமிடத்தில் 1976இல் ஒரு பானை ஓடு கண்டெடுக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்த ஓட்டில் ஐந்து வரிகள் கீறப்பட்டுள்ளன. ஒரு வரி முழுவதும் எழுத்து வரிசை. எழுதப் பழகிய ஒருவரின் கைவேலை என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். கோடுகள் தடுமாறுகின்றன, எழுத்துகள் சில பிழையாகவும் உள்ளன. இதில் வியப்புக்குரியது ஒன்று. வழக்கமான வரிசையில் அயின் முன்னும் பே பின்னும் வரும். இந்த ஓட்டிலோ பே முன்னே நிற்கிறது. புலம்பல் நூலைத் திறந்தால், முதல் அதிகாரத்தில் வழக்கமான வரிசையும், 2, 3, 4ஆம் அதிகாரங்களில் பே முந்திய வரிசையும் இருக்கக் காண்கிறோம். அக்காலத்தில் எழுத்து வரிசை இரு வகையாகக் கற்பிக்கப்பட்டது போலும். எருசலேமின் சாம்பலைப் பார்த்து அழுத அந்தக் கவிஞர், தாம் சிறுவராய் இருந்தபோது கற்ற வரிசையிலேயே அழுதிருக்கிறார் என்று எண்ண இடமுண்டு.

புலம்பல் நூலைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். 1, 2, 4 ஆகிய அதிகாரங்களில் எழுத்துக்கு ஒரு வசனமாக 22 வசனங்கள். நடுவிலுள்ள 3ஆம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66. துயரம் பெருகப் பெருகக் கட்டும் இறுகுகிறது. ஆனால் ஐந்தாம் அதிகாரத்திற்கு வந்தால், வசனங்கள் 22 இருக்கின்றன. எழுத்து வரிசை இல்லை. ஏன் என்பதற்கு விளக்கங்கள் பல. நமக்குத் தோன்றுவது இது: நகரம் எரிந்து, கோவில் இடிந்து, பிள்ளைகள் பசியால் தெருவில் விழுந்தபின் துயரத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று ஒருவருக்குத் தெரியாது. எழுத்து வரிசை அவருக்கு ஒரு தொடக்கத்தையும் ஒரு முடிவையும் தந்தது. நான்கு முறை அப்படி அழுது தீர்த்தபின், ஐந்தாம் முறை அந்தக் கைத்தடி இல்லாமலேயே இறைவனை நோக்கி நேரே பேச முடிந்தது.

புனித எரோணிமுசு இந்நூலை இலத்தீனில் தந்தபோது எழுத்து வரிசையைக் காக்க வழியில்லை. எனவே ஒவ்வொரு வசனத்தின் தலையிலும் அந்த எபிரேய எழுத்தின் பெயர் எழுதப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன் புனித வாரத்தின் இறுதி மூன்று நாள்களில், மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே பாடிய வழிபாட்டில் பங்கேற்ற முதியோருக்கு அது நினைவிருக்கலாம். ஆலெப், பேத், கிமெல் என்ற எழுத்துப் பெயர்களையே நீண்ட இராகத்துடன் இழுத்துப் பாடுவார்கள். பொருளற்ற ஓர் எழுத்துக்கு அத்தனை இசை! அங்கே ஒரு காலத்தில் ஒரு கட்டு இருந்தது என்பதைத் திருச்சபை மறக்கவில்லை. எழுத்து வரிசையையே மொழிபெயர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ரொனால்டு நாக்ஸ் அடிகளார், 1949இல் வெளிவந்த தம் பழைய ஏற்பாட்டில் இப்பாடல்களை ஆங்கில எழுத்து வரிசையிலேயே அமைத்தார். திறமைதான், எனினும் சில இடங்களில் எழுத்து அவரை இழுத்துக்கொண்டு போகிறது என்றே நமக்குப் படுகிறது.

எரோணிமுசிடம் இவ்வெழுத்துகளைப் பற்றி வினவியவர் ஒரு பெண்மணி. உரோமை நகரத்துப் பவுலா அம்மையார், 119ஆம் பாடலில் வரும் எழுத்துகளின் பொருள் என்ன என்று கேட்க, அவர் 384இல் ஒரு மடல் எழுதி விளக்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அதே பவுலாவின் மருமகள் லேத்தாவுக்கு அவர் மற்றொரு மடல் எழுதினார். லேத்தாவின் குழந்தைக்கும் பவுலா என்றே பெயர். அக்குழந்தைக்கு எழுத்தை எப்படிக் கற்பிப்பது என்பதே மடலின் ஒரு பகுதி. மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகளைச் செய்து கொடுங்கள். அவற்றை வைத்து விளையாடட்டும். பெயர்களைப் பாட்டாகப் பாடி நினைவில் கொள்ளட்டும். ஆனால் அதோடு நிறுத்தாமல் வரிசையை அடிக்கடி கலைத்து, நடுவை முதலிலும் கடைசியை நடுவிலும் வைத்து, ஒலியால் மட்டுமன்றிப் பார்வையாலும் அவள் எழுத்தை அறியச் செய்யுங்கள் என்கிறார். அசைகளைச் சேர்த்தால் பரிசு கொடுங்கள். உடன் கற்கத் தோழியர் வேண்டும். மெதுவாகக் கற்றால் கடிந்துகொள்ளாதீர்கள். படிப்பின் மேல் வெறுப்பு வந்துவிட்டால் அது வளர்ந்தபின்னும் போகாது என்கிறார். சினத்துக்குப் பேர்போன அந்த முனிவர், குழந்தையைப் பெத்லகேமுக்கு அனுப்பினால் தாமே தோளில் சுமந்து, மழலைச் சொல்லைத் திருத்திச் சொல்லிக் கொடுப்பதாகவும் எழுதுகிறார். தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் இம்மடலைப் பாடமாக வைக்கலாம்.

இனி, புனித அகுஸ்தீனார். வட ஆப்பிரிக்காவின் திருச்சபை அன்று பிளவுபட்டிருந்தது. கொடுமைக்கு அஞ்சித் தளர்ந்தவர்கள் தந்த அருளடையாளங்கள் செல்லாது என்று தொனாத்து என்பாரைப் பின்பற்றியோர் தனியே பிரிந்து நின்றார்கள். இந்த வழக்கு படித்தவர்களுக்கு மட்டும் புரிந்தால் போதாது என்று அகுஸ்தீனார் எண்ணினார். ஏறத்தாழ 393இல், இப்போ நகரில் குருவாக இருந்தபோது, இலத்தீன் எழுத்து வரிசையில் ஒரு நீண்ட பாடலை எழுதினார். பகுதிக்கு 12 அடிகள். மக்கள் சேர்ந்து பாடப் பல்லவி ஒன்று. நல்லதும் கெட்டதுமான மீன்கள் ஒரே வலையில் அகப்படும் உவமையை முன்வைத்தே பாடல் தொடங்குகிறது. கவிதை என்று பார்த்தால் அது சுவை குறைந்ததே. வழக்காடும் தொனி மேலோங்கியிருக்கிறது. ஆயினும் அதை ஏன் அப்படி எழுதினார் என்று முதுமையில் தம் நூல்களைத் திரும்பிப் பார்த்தபோது அவர் குறித்து வைத்தவை பொன்னானவை.

எளிய மக்களின் நினைவில் இயன்றவரை பதியட்டும் என்றே எழுத்து வரிசையைக் கையாண்டதாக அவர் கூறுகிறார். கடைசி மூன்று எழுத்துகளை விட்டுவிட்டதாகவும், அவற்றுக்குப் பதிலாக அன்னையாம் திருச்சபை தன் பிள்ளைகளிடம் பேசுவது போன்ற முடிவுரையைச் சேர்த்ததாகவும் சொல்கிறார். முறையான யாப்பில் எழுதாததற்கும் காரணம் காட்டுகிறார்: யாப்பின் நெருக்கடி, பொதுமக்கள் பேசாத சொற்களைத் தம்மேல் திணித்துவிடும் என்று அஞ்சினாராம். அவரோ இலக்கண ஆசிரியராகவும் சொற்கலை ஆசிரியராகவும் இருந்தவர். எந்த யாப்பும் அவருக்குக் கைவந்திருக்கும். எழுத்து வரிசையை வைத்துக்கொண்டு யாப்பை விட்டார். எழுத்து வரிசையிலும் நெருக்கடி வந்த இடத்தில் மூன்று எழுத்துகளை விட்டார். தம் மக்களின் பேச்சை மட்டும் விடவில்லை.

‘கடவுளின் நகர்’ என்ற நூலிலும் அவர் ஒரு முதலெழுத்துப் பாடலைப் பற்றிச் சொல்கிறார். அடிகளின் முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘இறைமகன் இயேசு கிறிஸ்து, மீட்பர்’ என்ற பொருள் தரும் கிரேக்கப் பாடல் அது. அச்சொற்களின் முதலெழுத்துகளை மீண்டும் கூட்டினால் மீன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் கிடைக்கும். இலத்தீனில் பெயர்த்தவர் மூன்று இடங்களில் பொருத்தமான முதலெழுத்தைக் கொண்டுவர முடியாமல் போனதை அகுஸ்தீனார் மறைக்காமல் குறிப்பிடுகிறார். ஐந்தாம் நூற்றாண்டில் செதூலியுசு என்பவர் ஆண்டவரின் வாழ்வை இலத்தீனின் 23 எழுத்துகளிலும் பாடினார். திருச்சபை அதனைத் துண்டாக்கி, முதற்பகுதியைக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும், ஏரோதைப் பற்றிய பகுதியைத் திருக்காட்சி விழாவுக்கும் எடுத்துக்கொண்டது. வரிசை போயிற்று, பாடல் போகவில்லை.

தமிழுக்கு வருவோம். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுத்தை எழுதிப் பழகி, அரிச்சுவடி முடிந்தபின் ஓதிய முதல் நூல்கள் ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும். இரண்டும் எழுத்து வரிசையில் அமைந்தவை. பாரதியார் புதிய ஆத்திசூடி பாடியபோதும் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டார். அதன் காப்புச் செய்யுளில் நபிகள் நாயகத்தையும் இயேசுவின் தந்தையையும் சேர்த்தே நினைவுகூர்ந்தார். ஆகவே இம்முறை தமிழுக்கு அயலானது என்பது பொருந்தாது. ஆனால் தமிழில் இதற்கு ஓர் இடர் உண்டு. எந்த எழுத்து வேண்டுமானாலும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வந்துவிடாது. தொல்காப்பியர் இதற்கு வரையறை கூறியிருக்கிறார். டகரமும் ழகரமும் ளகரமும் முதலில் நில்லா. புள்ளி எழுத்து எதுவுமே நில்லாது.

ஔவையார் என்ன செய்தார்? அ முதல் ஔ வரை பன்னிரண்டுக்கும் தடையில்லை. ஆய்த எழுத்தில் தொடங்க முடியாது. அதைச் சொல்லின் இரண்டாம் இடத்தில் வைத்தார். அடுத்து வரும் 18 எழுத்துகளில் ட, ண, ய, ர, ல, ழ, ள, ற, ன என்னும் ஒன்பதையும் அவ்வாறே இரண்டாம் இடத்தில் வைத்து, முன்னால் அகரத்தையோ இகரத்தையோ துணைக்கு நிறுத்தினார். இளமையிலேயே கற்கச் சொல்லும் அறிவுரை ளகரத்துக்கு உரியது என்பதை நாம் சிறுவயதில் ஓதியபோது கவனித்திருக்க மாட்டோம். ஙகரத்துக்குச் சொல்லே கிடைக்காத நிலையில், அந்த எழுத்தையே உவமையாக்கிச் சுற்றத்தைத் தழுவச் சொன்னார். இன்னும் ஒன்று: தொல்காப்பியர் வரையறைப்படி ச என்னும் எழுத்து சொல்லுக்கு முதலில் வராது, ஔவையார் அதைத் தயங்காமல் முதலில் வைக்கிறார். வழக்கு மாறிவிட்டது, அவர் வழக்கோடு சென்றார்.

எழுத்து வரிசையைப் பேசும்போது வீரமாமுனிவரை நினையாமல் செல்வது முறையன்று. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாட்டை நிலைநாட்டியவர் என்று அவரைப் போற்றுகிறோம். சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கும் அகராதி நிகண்டு ஒன்று 1594இலேயே சிதம்பர ரேவண சித்தரால் ஆக்கப்பட்டிருந்தாலும், 1732இல் முனிவர் இயற்றிய சதுரகராதியே செய்யுளாக அன்றித் தேடி எடுக்கத்தக்க அகராதியாகச் சொற்களை வரிசைப்படுத்தியது. ஒரு சொல்லைத் தேடும் பிள்ளைக்கு அது எத்தகைய உதவி என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இப்போது வகுப்பறையைப் பார்ப்போம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘கடல்’ என்று கீழ்நோக்கி எழுதி, உடனே கவிதை எழுதச் சொன்னால் என்ன வரும்? ககரத்துக்கு ‘கடல் பெரியது’ என்று வரும். டகரத்துக்கு ‘டமாரம் அடிக்கும்’ என்று வரும். லகரத்துக்கு ‘லட்டு இனிக்கும்’ என்று வரும். எழுத்துகள் மூன்றும் சரி. கடல் எங்கே? யாப்பு தம்மேல் திணித்துவிடும் என்று அகுஸ்தீனார் அஞ்சியது இதைத்தான். எழுத்து என்ன சொல்லச் சொல்கிறதோ அதைப் பிள்ளை சொல்லிவிடுகிறது. தான் கண்டதைச் சொல்வதில்லை.

ஆகையால் எழுத்தைப் பிறகு காட்ட வேண்டும். முதலில் பொருளைத் திரட்டட்டும். கடற்கரையில் என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், காலுக்கு எப்படி இருந்தது, யார் இருந்தார்கள், என்ன மணம் வந்தது என்று கேட்டு, பிள்ளைகள் சொல்லும் சொற்களையெல்லாம் ஆசிரியர் கரும்பலகையில் ஒழுங்கின்றி எழுதிவிடலாம். இருபது சொற்களாவது சேரும்: கரை, அலை, நுரை, படகு, வலை, நண்டு, உப்பு, கூடை, விளக்கு. அதன்பின் கடல் என்ற சொல்லைக் கீழ்நோக்கி எழுதி, திரட்டியவற்றுள் எது எந்த எழுத்தோடு பொருந்தும் என்று தேடச் செய்ய வேண்டும். இங்கே எரோணிமுசு சொன்னபடி வரிசையைக் கலைத்துப் பார்ப்பது உதவும். கடைசி எழுத்துக்கு முதலில் வரி கிடைத்தால் அதையே முதலில் எழுதட்டும். டகரமும் புள்ளி வைத்த லகரமும் வரும்போது ஔவையார் வழியைச் சொல்லிக் கொடுக்கலாம்: முதலில் வராத எழுத்து இரண்டாம் இடத்தில் வரலாம். தமிழுக்கு இது சலுகையாகாது. மோனைக்கு முதலெழுத்தைப் போலவே எதுகைக்கு இரண்டாம் எழுத்தை மதித்த மொழி இது; நம் காது அந்த இடத்தைக் கேட்கப் பழகியிருக்கிறது. நாமே ஒரு சிறு எடுத்துக்காட்டை அமைத்துப் பார்ப்போம்:

கரையில் நின்று கால்களை நனைத்தோம்
படகொன்று தொலைவில் ஆடி ஆடி வந்தது
நில் என்று சொன்னால் அலை நிற்குமா?

மழை என்ற சொல்லில் ழை முதலில் வராது. ‘மண் மணக்க வந்தாய், வாழை இலையைத் தட்டிப் பார்த்தாய்’ என்று இரண்டடியில் முடித்துவிடலாம். பெரிய கவிதைகள் அல்ல. ஆனால் கடலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பொய் எதுவும் இல்லை. முதல் வரைவு எழுதியபின் ஓரத்து எழுத்துகளை ஒரு தாளால் மறைத்துவிட்டு அடிகளை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். செதூலியுசின் பாடலைப் போல் எழுத்து வரிசை இல்லாமலும் அது நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் எந்த அடி தள்ளாடுகிறது என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். அதை அடித்துவிட்டு மறுநாள் மறுபடி எழுதலாம். சாலையைப் பற்றி எழுதும் பிள்ளை லாரி என்று தொடங்கினால் தடுக்க வேண்டாம். அதன் உலகில் லாரி ஓடுகிறது. வழக்கோடு செல்ல ஔவையாரே இடம் கொடுத்திருக்கிறார்.

நம் பங்குகளில் திருவிழா மேடையேறிப் பிள்ளைகள் ஒப்புவிக்கும் கவிதைகளுள் பெரும்பாலானவை பெரியவர்கள் எழுதிக் கொடுத்தவை. ‘அன்பு’ என்ற தலைப்பில் உயர்ந்த சொற்கள் அடுக்கடுக்காக வரும். அந்தப் பிள்ளையின் வீட்டு அடுப்பங்கரை அதில் இராது. மறைக்கல்வி வகுப்பில் இந்தப் பயிற்சியைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் ‘அம்மா’ என்றோ ‘அன்பு’ என்றோ தொடங்கும்போது, அழகிய சொற்களைத் தாமே தந்துவிடாமல் சற்றுப் பொறுத்திருப்பது நல்லது.

பொறுத்திருப்பது எளிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கன்னியாகுமரிக் கரைகளில் ஏறியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் குமரிக் கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. அப்படிப்பட்ட கரையில் உள்ள பள்ளியில் ஓர் ஆசிரியர் ‘கடல்’ என்று எழுதிப் போட்டால், சொற்களைத் திரட்டும்போது அலையும் நண்டும் மட்டும் வரா. ஒரு பிள்ளை தன் தந்தையின் பெயரைச் சொல்லலாம். அதையும் கரும்பலகையில் எழுதத்தான் வேண்டும். எருசலேமுக்காக அழுதவர் எழுத்துக்கு ஒரு வசனமாக எழுதியது எதற்கென்று அப்போது புரியும். கடைசி எழுத்துக்கு அந்தப் பிள்ளையால் வரி எழுத முடியாமல் போனால், அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம். ஆசிரியர் நிரப்ப வேண்டியதில்லை.

145ஆம் திருப்பாடலின் மரபான எபிரேயப் பிரதியில் நூன் என்ற எழுத்துக்கு வசனம் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ஒரு வசனம் இருந்தது. கும்ரான் சுருளில் அது எபிரேயத்திலேயே கிடைத்தது. இன்றைய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். எழுத்து வரிசை இருந்ததால்தான் அங்கே ஒன்று குறைகிறது என்பது தெரிந்தது. அந்த ஒரு வரி இல்லாமலேயே யூத மக்கள் பல நூற்றாண்டுகளாக அந்தப் பாடலை நாளொன்றுக்கு மூன்று முறை செபித்து வந்திருக்கிறார்கள், இன்றும் செபிக்கிறார்கள்.